தோல் மீளாக்கச் சட்டகம்

தோல் மீளாக்கச் சட்டகம் என்பது ஆழ்ந்த தீக்காயங்களை மூடி, அழிந்த உட்தோல் மீண்டும் வளரத் துணைபுரியும் ஈரடுக்கு மருத்துவப் பொருள். இயற்கைப் பாலிமர்களாலான கலப்புப் பொருட்களுள் இது முன்னோடியானது.

அமைப்பு: மாட்டுத் தசைநாணிலிருந்து பெறப்படும் கொலாஜன் என்னும் புரதமும், சுறாக் குருத்தெலும்பிலிருந்து பெறப்படும் காண்ட்ராய்டின் சல்பேட் என்னும் சர்க்கரைச் சேர்மமும் கீழடுக்கில் உள்ளன. இக்கலவையை உறையவைத்து வெற்றிடத்தில் உலர்த்தும்போது, பனிப்படிகங்கள் இருந்த இடங்கள் நுண்துளைகளாகின்றன. மூலக்கூறுகளை ஒன்றோடொன்று இணைக்கும் குறுக்குப் பிணைப்புகள் கொலாஜன் சிதையும் வேகத்தைக் குறைக்கின்றன. சிலிக்கோனாலான மேலடுக்கு நீரிழப்பையும் கிருமி நுழைவையும் தடுக்கிறது.

செயல்படும் முறை: சுற்றியுள்ள திசுவின் உயிரணுக்களும் இரத்தக் குழாய்களும் துளைகளுக்குள் வளர்கின்றன. சட்டகம் மெல்லக் கரைய, நோயாளியின் சொந்தக் கொலாஜன் அவ்விடத்தை நிரப்புகிறது. ஏறத்தாழ 2 முதல் 4 வாரங்களில் சிலிக்கோன் நீக்கப்பட்டு, நோயாளியின் மெல்லிய மேல்தோல் ஒட்டப்படுகிறது. ஒட்டுவதற்காக எடுக்கும் தோல் மெல்லியதாதலால், அது எடுக்கப்பட்ட இடமும் விரைவில் ஆறும். நல்ல தோல் குறைவாக எஞ்சியவர்களுக்கு இது உயிர்காக்கும் உதவி.

வரலாறு: மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் அயோனிஸ் யானஸும் அறுவை மருத்துவர் ஜான் பர்க்கும் இதை உருவாக்கினர். நோயாளிகளிடம் கண்ட முடிவுகளை 1981இல் வெளியிட்டனர். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1996இல் ஒப்புதல் அளித்தது. ‘இன்டெக்ரா’ என்பது இதன் வணிகப் பெயர்.

வரம்புகள்: இதில் வியர்வைச் சுரப்பிகளும் மயிர்க்கால்களும் மீள்வதில்லை. சட்டகத்தின் அடியில் தொற்று ஏற்படக்கூடும். காயத்தை முன்னரே நன்கு தூய்மைப்படுத்துவது இன்றியமையாதது.