ஈரான்: ஆட்சி மாற்றத்துக்குத் தடையாக நிற்கும் 177-ஆவது பிரிவு

ஈரானில் அதிபரையும் நாடாளுமன்ற உறுப்பினர்களையும் மக்களே தேர்ந்தெடுக்கின்றனர். எனினும், வேட்பாளர்களின் தகுதியை முடிவு செய்வது 12 பேர் கொண்ட பாதுகாவலர் மன்றமாகும். அதன் உறுப்பினர்களில் 6 மதகுருமார்களை நாட்டின் உச்ச தலைவர் நேரடியாக நியமிக்கிறார். எஞ்சிய 6 சட்ட வல்லுநர்களை, அவரால் நியமிக்கப்படும் நீதித் துறைத் தலைவரின் பரிந்துரையிலிருந்து நாடாளுமன்றம் தேர்வு செய்கிறது.

அரசமைப்புச் சட்டத்தைத் திருத்த இயலும். ஆனால், மதத் தலைமையின் ஆட்சி என்ற அடிப்படையை மாற்ற முடியாது என 1989-இல் சேர்க்கப்பட்ட 177-ஆவது பிரிவு கூறுகிறது.

எனவேதான், 2011-இல் வீட்டுக் காவலில் வைக்கப்பட்ட முன்னாள் பிரதமர் மீர் ஹுசைன் மூசவி, பொது வாக்கெடுப்பு நடத்தி, அரசியல் நிர்ணய சபை மூலம் புதிய அரசமைப்புச் சட்டம் இயற்ற வேண்டும் என 2023 பிப்ரவரியில் வலியுறுத்தினார். வெளிநாட்டில் வசிக்கும் கடைசி மன்னரின் மகன் ரெஸா பஹ்லவியும், முடியாட்சியா குடியரசா என்பதை மக்களின் வாக்கே தீர்மானிக்க வேண்டும் என்கிறார்.

இஸ்லாமிய குடியரசும் 1979-இல் பொது வாக்கெடுப்பின் மூலமே அமைந்தது. அன்று வாக்காளர்கள் முன் இருந்தவை ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரு விடைகள் மட்டுமே.