ஹோம் தியேட்டரில் பேஸ் ஒலி வேறுபாடு: பிட்ஸ்ட்ரீம், பி.சி.எம். வெளியீடுகள்

ஒரே வட்டின் ஒரே காட்சி, பிளேயரின் டிஜிட்டல் ஒலி வெளியீட்டைப் பிட்ஸ்ட்ரீம் என்று வைக்கும்போது ஒரு விதமாகவும் பி.சி.எம். என்று வைக்கும்போது வேறு விதமாகவும் ஒலிப்பதும், அந்த வேறுபாடு பெரும்பாலும் சப்வூஃபரின் அதிர்வில் வெளிப்படுவதும் ஹோம் தியேட்டர்களில் அடிக்கடி நேரும் சிக்கலாகும். இதற்கு ஒலிக்குறியீட்டு முறையின் தர உயர்வு தாழ்வே காரணம் என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், அது பெரும்பாலும் பிழையானது. டால்பி ட்ரூஎச்.டி., டி.டி.எஸ்.-எச்.டி. மாஸ்டர் ஆடியோ போன்ற இழப்பற்ற தடங்களைப் பிளேயர் விரித்தாலும் ரிசீவர் விரித்தாலும் அடிப்படையில் கிடைக்கும் எண்கள் ஒன்றே. அந்த எண்களின் அளவை எந்தக் கருவி கூட்டுகிறது அல்லது குறைக்கிறது, தாழ்ந்த அதிர்வெண்களை எந்த ஸ்பீக்கருக்குத் திருப்பிவிடுகிறது என்பதில்தான் வேறுபாடு பிறக்கிறது.

வெளியீட்டு முறைகள்

பிட்ஸ்ட்ரீம் என்பது வட்டிலோ இணைய ஓடையிலோ சுருக்கி வைக்கப்பட்ட ஒலித்தரவைப் பிளேயர் தொடாமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்பும் முறை. விரிக்கும் வேலை முழுவதும் ரிசீவருடையது. பி.சி.எம். முறையில் பிளேயரே அதை விரித்து, சேனல் சேனலாகப் பிரித்த எண் தொடராக அனுப்புகிறது. 2002இல் வந்த எச்.டி.எம்.ஐ.யின் முதல் பதிப்பே எட்டுச் சேனல் பி.சி.எம். ஒலியைச் சுமக்க வல்லது. இழப்பற்ற புதிய வடிவங்களைப் பிட்ஸ்ட்ரீமாகவே அனுப்பும் வசதி 2006இல் வந்த 1.3ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது. அதே ஆண்டு வெளிவந்த பிளேஸ்டேஷன் 3இன் தொடக்க மாதிரிகள் டால்பி ட்ரூஎச்.டி.யைப் பிட்ஸ்ட்ரீமாக அனுப்ப இயலாமல் தாமே விரித்துப் பி.சி.எம். ஆக அனுப்பியதால், எது மேல் என்ற வாதம் ப்ளூ-ரேயின் தொடக்க ஆண்டுகளிலேயே சூடுபிடித்தது.

எல்.எஃப்.ஈ. சேனலும் பத்து டெசிபலும்

5.1 என்பதில் உள்ள புள்ளி ஒன்று, திரைப்பட ஒலிக்கலவையில் வெடிப்பு, இடி, பூமி அதிர்வு போன்றவற்றுக்கென ஒதுக்கப்பட்ட எல்.எஃப்.ஈ. எனும் தனிச் சேனலைக் குறிக்கும். டால்பி டிஜிட்டலில் இது 120 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை மட்டுமே தாங்குவதால் முழுச் சேனலாக எண்ணப்படுவதில்லை. திரையரங்குகளில் டால்பி டிஜிட்டல் 1992இல் ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ படத்துடனும், டி.டி.எஸ். 1993இல் ‘ஜுராசிக் பார்க்’ படத்துடனும் அறிமுகமாயின; வீட்டுக் கருவிகள் பின்பற்றும் அளவுமுறை அந்தத் திரையரங்கு மரபிலிருந்து வந்ததாகும்.

அந்த அளவுமுறையில் முக்கியமானது, எல்.எஃப்.ஈ. சேனல் மற்றச் சேனல்களைவிடப் பத்து டெசிபல் தாழ்த்திப் பதியப்பட்டு, ஒலிக்கும்போது பத்து டெசிபல் உயர்த்தப்படுகிறது என்பதாகும். திரையரங்கு அளவில் முதன்மைச் சேனல் ஒவ்வொன்றும் எட்டக்கூடிய உச்சம் 105 டெசிபல் என்றால், எல்.எஃப்.ஈ.யின் உச்சம் 115 டெசிபல். இந்தப் பத்து டெசிபலை யார் கூட்டுவது என்பதில்தான் பழைய கருவிகள் குழம்பின. பிட்ஸ்ட்ரீம் வந்தால் ரிசீவரின் டீகோடர் தானே கூட்டிவிடும். ஆனால் ஆறு அனலாக் கம்பிகள் வழியே வரும் ஒலிக்குச் சில ரிசீவர்கள் எதையும் கூட்டாமல் விட்டன, எச்.டி.எம்.ஐ. வழி வந்த பல சேனல் பி.சி.எம்.மையும் தொடக்கக் கால ரிசீவர்கள் சில அவ்வாறே நடத்தின. விளைவாக, வெடிப்பு ஒலி சரியான அளவில் மூன்றில் ஒரு பங்கு அழுத்தத்துக்குச் சுருங்கியது. மறுபுறம், பிளேயரும் ரிசீவரும் ஆளுக்கொரு முறை கூட்டிவிட்டால் சப்வூஃபர் உறுமித் திணறும்.

சப்வூஃபர் ஒலித்தும் வெடிப்பு இல்லாத நிலை

மிகுதியாக நேர்வதும் கண்டுபிடிக்கக் கடினமானதும் இரண்டு சேனல் பி.சி.எம். வழியே வரும் இழப்பாகும். ஆப்டிகல் கேபிள் சுமக்கக்கூடியது இரண்டு சேனல் பி.சி.எம்., அல்லது சுருக்கிய 5.1 பிட்ஸ்ட்ரீம் மட்டுமே. எனவே ஆப்டிகல் இணைப்பில் பி.சி.எம். என்று தேர்ந்தால் பிளேயர் ஐந்து சேனல்களையும் இடம் வலம் என இரண்டாகக் கலக்கிறது; அப்படிக் கலக்கும்போது டால்பி டீகோடர்கள் வழக்கமாக எல்.எஃப்.ஈ. சேனலைக் கைவிட்டுவிடுகின்றன. சிறிய தொலைக்காட்சி ஸ்பீக்கர்கள் அந்த அதிர்வைத் தாங்காமல் கரகரக்கும் என்பதால் இது திட்டமிட்டே செய்யப்படுவது.

எஞ்சிய இரண்டு சேனல்களிலும் இசையின் பேஸ் கிட்டாரும் முரசும் இருப்பதாலும், ரிசீவர் அவற்றின் தாழ்ந்த பகுதியைச் சப்வூஃபருக்கு அனுப்புவதாலும், சப்வூஃபர் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். பாடல்களில் குறை தெரியாது. கட்டடம் சரியும் காட்சியில் மட்டும் அடித்தளம் காணாமற்போகும். இரண்டு சேனலிலிருந்து சூழொலியை விரிக்கும் டால்பி ப்ரோ லாஜிக் II போன்ற முறைகளும் இழந்த எல்.எஃப்.ஈ.யை மீட்டுத் தருவதில்லை. தொலைக்காட்சியிலிருந்து ரிசீவருக்கு ஒலியைத் திருப்பியனுப்ப, 2009இல் வந்த எச்.டி.எம்.ஐ. 1.4 பதிப்பில் சேர்ந்த ஏ.ஆர்.சி. எனும் மீள்வழிக்கும் இதே வரம்பு உண்டு. ஆகவே தொலைக்காட்சியின் ஒலி மெனுவில் பி.சி.எம். என்றிருந்தால், வரவேற்பறையில் ஐந்து ஸ்பீக்கர்கள் இருந்தும் ரிசீவரை அடைவது ஸ்டீரியோ மட்டுமே. அதன் மேம்பட்ட வடிவமான இ.ஏ.ஆர்.சி. வந்தபின் பல சேனல் பி.சி.எம்.முக்கும் வழி திறந்தது.

மொத்த அளவு மாறினால் பேஸ் மாறியதாகத் தோன்றல்

டால்பி தடங்களில் டயலாக் நார்மலைசேஷன் என்றொரு குறிப்பு எண் பதிந்திருக்கும். உரையாடலின் சராசரி அளவைச் சொல்லும் அந்த எண், மைனஸ் 31 என்றால் டீகோடர் ஒன்றும் செய்யாது. மைனஸ் 27 என்றால் எல்லாச் சேனல்களையும் சேர்த்து நான்கு டெசிபல் தாழ்த்தும். டி.டி.எஸ். தடங்களில் இத்தகைய தாழ்த்தல் பொதுவாக நிகழாததால், டிவிடி காலத்தில் ஒரே படத்தின் டி.டி.எஸ். தடம் சத்தமாக ஒலித்தது; டி.டி.எஸ். என்றாலே பேஸ் கூடுதல் என்ற புகழில் இந்த நான்கு டெசிபலுக்குக் கணிசமான பங்குண்டு.

இதற்குச் செவியின் இயல்பும் துணைபோகிறது. ஃபிளெட்சரும் மன்சனும் 1933இல் வெளியிட்ட சம உரப்பு வரைகோடுகள் காட்டியபடி, தாழ்ந்த அதிர்வெண்களில் அக்கோடுகள் நெருங்கி அமைகின்றன. அதாவது, எல்லா அதிர்வெண்களையும் சமமாக நான்கு டெசிபல் குறைத்தாலும் செவிக்குப் பேஸ்தான் அதிகம் குறைந்ததாகப் படும். ஆகவே அளவைச் சமப்படுத்தாமல் காதால் மட்டும் ஒப்பிட்டுச் சொல்லும் தீர்ப்பு எதையும் நம்புவதற்கில்லை.

இரவு நேரத்துக்கென உரத்த ஒலிகளை அடக்கும் டி.ஆர்.சி. அமைப்பும் இவ்வகையைச் சார்ந்ததே. பிட்ஸ்ட்ரீமில் ரிசீவரின் டி.ஆர்.சி.யும், பி.சி.எம்.மில் பிளேயரின் டி.ஆர்.சி.யும் செயல்படுவதால், ஒன்று அணைந்தும் மற்றொன்று ஆட்டோவிலும் இருப்பது வேறுபாட்டுக்குப் போதுமான காரணமாகும்.

இருமுறை பேஸ் மேலாண்மை

சிறிய ஸ்பீக்கர்களால் ஒலிக்க இயலாத தாழ்ந்த பகுதியை வெட்டிச் சப்வூஃபருக்கு அனுப்புவது பேஸ் மேலாண்மை. வெட்டும் இடம் கிராஸ்ஓவர் எனப்படும்; டி.எச்.எக்ஸ். எனும் ஒலித்தரச் சான்று முறை பரிந்துரைப்பது 80 ஹெர்ட்ஸ். பிளேயரின் மெனுவிலும் ஸ்பீக்கர் அளவைச் ‘ஸ்மால்’, ‘லார்ஜ்’ என்று குறிக்கும் பகுதி இருக்கும். பிட்ஸ்ட்ரீமில் அது செயலற்றுக் கிடக்கும். பி.சி.எம்.முக்கு மாற்றியவுடன் அது உயிர்பெற்று, பிளேயர் ஒருமுறையும் ரிசீவர் மறுமுறையும் வெட்டுகின்றன. ஒவ்வொரு வடிகட்டியும் கிராஸ்ஓவர் புள்ளியில் மூன்று டெசிபல் குறைப்பதாகக் கொண்டால் இரண்டும் சேர்ந்து ஆறு குறைக்கும்; 80 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு பள்ளம் விழும். அத்துடன், பிளேயர் திருப்பிவிட்ட பேஸ் எல்.எஃப்.ஈ. சேனலில் கலந்து வருவதால், ரிசீவர் கூட்டும் பத்து டெசிபல் அதற்கும் சேர்ந்துவிடும். இதை முன்னறிந்து பிளேயர் அந்தப் பகுதியைத் தாழ்த்தி அனுப்ப வேண்டும். அந்தக் கணக்குப் பிசகினால் பேஸ் ஓரிடத்தில் வீங்கியும் மற்றோரிடத்தில் வற்றியும் கேட்கும்.

ஸ்பீக்கர்களின் தூரத்துக்கேற்ற தாமதத் திருத்தமும் இப்படியே. 80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 4.3 மீட்டர், தாமதத்தில் சுமார் ஆறு மில்லி விநாடி பிசகினாலே சப்வூஃபரின் அலையும் முன் ஸ்பீக்கரின் அலையும் எதிரெதிராகி ஒன்றையொன்று அழிக்கும். டைரக்ட் போன்ற நேர்முறைகளில் பல ரிசீவர்கள் தாமதம், பேஸ் மேலாண்மை, அறைத்திருத்தம் ஆகியவற்றைக் கைவிடுவதுண்டு. மேலும், உள்ளே வரும் ஒலிவகைக்கேற்பக் கடைசியாகத் தேர்ந்த ஒலிமுறையை நினைவில் வைக்கும் ரிசீவர்களும் உள்ளன. அத்தகையவற்றில் பிட்ஸ்ட்ரீமுக்கு ஒரு முறையும் பி.சி.எம்.முக்கு வேறொரு முறையும் பயனர் அறியாமலே அமைந்துவிடக்கூடும்.

காரணம் கண்டறிதல்

முதலில் பார்க்க வேண்டியது ரிசீவரின் முகப்புத் திரை. பி.சி.எம். தேர்ந்திருக்கும்போது அதில் ‘மல்டி சேனல்’ என்று தெரிந்தால் எல்லாச் சேனல்களும் வந்து சேர்கின்றன. ‘ஸ்டீரியோ’ அல்லது வெறும் ‘பி.சி.எம்.’ என்று தெரிந்தால், உள்வரும் சேனல்களைக் காட்டும் தகவல் பக்கத்தில் எல்.எஃப்.ஈ. இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது அளத்தல். ரிசீவரின் சொந்தச் சோதனை ஒலி இதற்கு உதவாது, ஏனெனில் அது பிளேயரின் வழியைத் தொடுவதே இல்லை. 5.1 சோதனை வட்டொன்றின் இரைச்சலை இரு அமைப்புகளிலும் ஒலிக்கவிட்டு, ஒலியளவு மானியைச் ‘சி’ எடையில் வைத்து, இருக்கையில் தலை இருக்கும் உயரத்தில் அளக்க வேண்டும். ‘ஏ’ எடையில் அளந்தால் 50 ஹெர்ட்ஸ் ஒலி முப்பது டெசிபல் குறைத்துக் காட்டப்படும் என்பதால் அந்த அளவீடு வீண். எல்லாச் சேனல்களும் ஒரே அளவு மாறினால் டயலாக் நார்மலைசேஷன் மீது ஐயம் கொள்ளலாம். எல்.எஃப்.ஈ. மட்டும் பத்து டெசிபல் விலகினால் கூட்டல் பிழை. அது முற்றிலும் ஒலிக்காவிட்டால் இரண்டு சேனலாகக் கலந்துவிட்டது. 80 ஹெர்ட்ஸை ஒட்டி மட்டும் குறைந்தால் இருமுறை வெட்டுதலோ தாமதமோ காரணம். நிலையான சோதனை இரைச்சலில் எதுவும் விலகாமல், படத்தின் உரத்த காட்சிகளில் மட்டும் வேறுபாடு கேட்டால் டி.ஆர்.சி.யைப் பார்க்க வேண்டும்.

பி.சி.எம். முறையையே வைத்துக்கொள்ள விரும்புவோர் பிளேயரில் எல்லா ஸ்பீக்கர்களையும் ‘லார்ஜ்’ என்று குறித்து, சப்வூஃபர் உண்டு எனக் காட்டி, டி.ஆர்.சி.யை அணைத்துவிட்டால், மேலாண்மை முழுவதும் ரிசீவரிடம் ஒப்படைக்கப்பட்டு வேறுபாடு பெரும்பாலும் மறையும். டால்பி அட்மாஸ், டி.டி.எஸ்.:எக்ஸ் தடங்களுக்கு மட்டும் இது பொருந்தாது. வட்டுப் பிளேயர் அவற்றைப் பி.சி.எம். ஆக்கும்போது உயரச் சேனல்களுக்கான தகவல் கழிந்து 7.1 அடித்தடம் மட்டுமே எஞ்சுவதால், அவற்றைப் பிட்ஸ்ட்ரீமாகவே அனுப்ப வேண்டும்.