விண்வீழ்கொள்ளி

விண்வெளியிலிருந்து பெருவேகத்தில் வரும் துகள் ஒன்று புவியின் காற்று மண்டலத்தில் நுழையும்போது எழும் ஒளிக்கீற்றே விண்வீழ்கொள்ளி. பேச்சுவழக்கில் எரிநட்சத்திரம் என்பர். விண்மீன்களோடு இதற்குத் தொடர்பு எதுவும் இல்லை. விண்மீன்கள் பல ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருப்பவை. இதுவோ தரையிலிருந்து ஏறத்தாழ 80 முதல் 120 கி.மீ. உயரத்துக்குள் நிகழ்ந்து முடிவது. திருநெல்வேலியில் நிற்பவரின் தலைக்கு நேர்மேலே எரியும் கொள்ளி, மதுரையைவிட அவருக்கு அருகில் இருக்கிறது.

துகளின் வேகம் நொடிக்கு 11 முதல் 72 கி.மீ. வரை இருக்கும். பெரும்பாலான துகள்கள் மணல் அளவே. காற்றின் மூலக்கூறுகளோடு மோதித் துகள் ஆவியாகிறது. அந்த ஆவியும் சுற்றியுள்ள காற்றும் ஒளிர்கின்றன. நம் கண்ணில் படுவது இந்த ஒளிரும் வாயுதான், கல் அன்று. ஆகவே விண்வீழ்கொள்ளியை ஒரு பொருளாகக் கருதாமல் ஒரு நிகழ்வாகக் கொள்வதே சரி. வான்பொருள்களிலிருந்து அதைப் பிரித்தறிய இந்த ஒரு தெளிவு போதும்.

விண்வெளியில் திரியும்போது அதே துகள் விண்துகள் எனப்படுகிறது. பன்னாட்டு வானியல் ஒன்றியம் இதற்கு ஏறத்தாழ 1 மீட்டரை மேல் எல்லையாக வைத்திருக்கிறது. அதைவிடப் பெரிய பாறை, உலோகப் பிண்டங்கள் சிறுகோள்கள். இவற்றில் மிகுதியானவை செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றுகின்றன. 1861இல் சென்னை வானாய்வகத்தில் போக்சன் கண்டறிந்த ‘ஆசியா’வும், 1988இல் காவலூரில் ராஜமோகன் கண்டறிந்த ‘ராமானுஜன்’ சிறுகோளும் தமிழகம் வானியலுக்கு அளித்தவை. வால்வெள்ளி பனியும் தூசியும் கலந்தது. சூரியனை நெருங்கும்போது வால் விரிக்கும். நாள்கணக்கில், வாரக்கணக்கில் வானில் நிற்கும். கொள்ளியோ பெரும்பாலும் ஒரு நொடியில் மறைந்துவிடும். செயலிழந்த செயற்கைக்கோளும் ராக்கெட் பாகமும் எரிந்து விழும்போது மெதுவாக, பல துண்டுகளாக, அரை நிமிடத்துக்கு மேலும் வானைக் கடப்பதுண்டு.

எரிந்து தீராமல் தரையைத் தொடுவது விண்கல். தமிழகத்தில் விழுந்தவற்றுள் பெயர்பெற்றது பார்னல்லி விண்கல். 1857 பிப்ரவரி 28 அன்று, அன்றைய மதுரை மாவட்டத்தில், கமுதிக்குத் தெற்கேயுள்ள வானம் பார்த்த பூமியில் இரண்டு கற்களாக அது விழுந்தது. மொத்த எடை 77 கிலோவுக்கு மேல். சூரியக் குடும்பம் உருவான காலத்துச் சிறு உருண்டைத் துகள்கள் அதிகம் சிதையாமல் தங்கியிருப்பதால், ஆய்வாளர்கள் இன்றும் அதை நாடுகின்றனர். கொடைக்கானலில் 1898இல் கிடைத்தது இரும்பு விண்கல். சூளகிரியில் 2008 செப்டம்பர் 12 அன்று விழுந்ததன் எடை 100 கிலோவைத் தாண்டியது. 2016இல் நாட்றம்பள்ளி அருகே ஒரு கல்லூரியில் ஓர் உயிரைப் பறித்த வெடிப்புக்கு விண்கல்லே காரணம் என்று செய்தி பரவியது. வெளிவந்த படங்கள் தரையில் நிகழ்ந்த வெடிப்பையே காட்டுகின்றன என்று நாசா அறிஞர்கள் கருத்துத் தெரிவித்தனர்.

தமிழில் கொள்ளி வீழ்ச்சி பற்றிய பழைய பதிவுகளுள் ஒன்று புறநானூற்றின் 229ஆம் பாடல். பங்குனி மாதத்து இரவொன்றில் விண்மீன் ஒன்று விழக் கண்டு, சேரமன்னன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்குத் தீங்கு நேருமோ எனக் கூடலூர் கிழார் அஞ்சுகிறார். ஏழாம் நாள் மன்னன் இறந்தான். அந்த அச்சத்துக்கு அறிவியல் ஆதாரம் இல்லை. ஆனால் அன்றிரவு நாள்மீன்கள் நின்ற நிலையைப் புலவர் வரிசையாகச் சொல்லியிருக்கும் கூர்மை போற்றத்தக்கது.

கொள்ளிகள் எரியும் அதே காற்றடுக்கை ஆராயும் நிலையம் ஒன்று திருநெல்வேலியிலேயே இருக்கிறது. இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் நிலநடுக்கோட்டுப் புவி இயற்பியல் ஆய்வகம் கிருஷ்ணாபுரத்தில் அமைந்துள்ளது. புவியின் காந்த நடுக்கோடு அருகே செல்வதால் தேர்ந்த இடம் இது. இங்கு 1992 முதல் 1.98 மெகாஹெர்ட்ஸ் ரேடார், 100 கி.மீ. உயரம் வரையுள்ள காற்றோட்டத்தை அளந்து வந்தது. பொதிகைக்கு மேற்கே தும்பாவில் 2004இல் நிறுவப்பட்ட ரேடார் கொள்ளிகளையே கருவியாக்கிக்கொள்கிறது. கொள்ளி விட்டுச்செல்லும் மின்னூட்டத் தடம் வானொலி அலையைத் திருப்பி அனுப்பும்; தடம் காற்றில் நகரும் வேகத்திலிருந்து காற்றின் வேகம் தெரியவரும். பகல், மேகம் எதுவும் தடையில்லை. கண்ணுக்குத் தெரியாத சிறு துகள்கள்கூட இதில் பயன்படுகின்றன. மலையின் இருபுறமும் எடுத்த அளவுகளை ஒப்பிட்டதில், காந்த நடுக்கோட்டின் மேலே ஓடும் மின்னோட்டம் திருநெல்வேலி ரேடாரின் மேல்மட்ட அளவீடுகளைப் பாதிப்பதும் புலப்பட்டது.

வால்வெள்ளி விட்டுச்சென்ற தூசித் தடத்தைப் புவி கடக்கும் நாள்களில் கொள்ளிப் பொழிவு நிகழும். டிசம்பர் 13, 14 தேதிகளில் வரும் மிதுனப் பொழிவு ஒரு விதிவிலக்கு: அதன் மூலம் ஃபேத்தன் என்னும் சிறுகோள். ஆண்டின் வளமான பொழிவு அதுவே. ஆனால் நெல்லைச் சீமையில் அது வடகிழக்குப் பருவமழைக் காலம், மேகம் மறைத்துவிடும். ஆகஸ்டுப் பொழிவின் மையம் வடக்கே தாழ்ந்து தெரியும். இந்த வட்டாரத்துக்கு மிகவும் ஏற்றது மே முதல் வாரத்துக் கும்பப் பொழிவு. அது ஹாலி வால்வெள்ளியின் தூசி. அதிகாலை 2 மணியளவில் கிழக்கில் எழுவதால், பாபநாசம், மணிமுத்தாறு ஊர்களுக்கு மேற்கே நிற்கும் மலையும் பார்வையைத் தடுக்காது.