அந்த நீலம் அச்சில் வராது



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் நம் பள்ளி ஆண்டு மலரின் அட்டையைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். கம்ப்யூட்டர் திரையில் நான் தேர்ந்தெடுத்த பளீர் நீலம், அச்சில் மங்கி ஊதாச் சாயலோடு வந்ததே, அதே அட்டை. அன்று உங்களில் சிலர் எதிரிலேயே அச்சகக்காரரிடம் சத்தம் போட்டேன். மட்டமான மை என்றேன். தவறு என்னுடையது.

வகுப்பிலும் ஒன்றைத் தவறாகச் சொல்லியிருக்கிறேன். சிவப்பு, பச்சை, நீலம் மூன்று ஒளிகளையும் கலந்தால் எல்லா நிறமும் வரும் என்று. வராது. இது 1920களிலேயே அளந்து பார்த்த விஷயம்.

லண்டன் இம்பீரியல் கல்லூரியில் டேவிட் ரைட், டெடிங்டன் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஜான் கில்ட். இருவரும் தனித்தனியாக ஒரே மாதிரி சோதனை செய்தார்கள். சின்ன வட்டம் ஒன்று. அதன் ஒரு பாதியில் நிறமாலையிலிருந்து பிரித்த ஒரு தனி நிறம். மறு பாதியில் மூன்று ஒளிகளின் கலவை. பார்ப்பவர் அளவைக் கூட்டிக் குறைத்து இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். நீலப்பச்சை வந்தபோது முடியவில்லை. எப்படிக் கலந்தாலும் கலவை வெளிறியே நின்றது. கடைசியில் தனி நிறம் இருந்த பாதியில் கொஞ்சம் சிவப்பைச் சேர்த்தால்தான் பொருந்தியது. ஆகவே கணக்கில் சிவப்பு மைனஸ்! மைனஸ் ஒளியை எந்தத் திரை தரும்?

ரைட்டிடம் 10 பேர், கில்டிடம் 7 பேர். இந்த 17 பேரின் கண்களை வைத்துத்தான் 1931இல் சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் நிறங்களுக்கு ஒரு வரைபடம் போட்டது. குதிரை லாடம் போல இருக்கும். மூன்று ஒளிகளால் இயங்கும் திரை எதுவானாலும் அதற்குள் ஒரு முக்கோணம்தான். 1996இல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் முன்வைத்த எஸ்ஆர்ஜிபி முக்கோணம், லாடத்தின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே கூட.

அச்சுக்கு அந்த முக்கோணமும் கிடையாது. மை ஒளியைக் கூட்டுவதில்லை, உறிஞ்சுகிறது. சயான் மேல் மெஜந்தா ஏறினால் நீலம் வரவேண்டும். ஆனால் இரண்டு மையும் நீல ஒளியிலேயே கொஞ்சத்தை விழுங்கிவிடும். அதனால்தான் அந்த மங்கல். ஒரு அச்சு இயந்திரத்தின் எல்லையை உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சொல்ல முடியாது. நூற்றுக்கணக்கான வண்ணக் கட்டங்களை (ஒரு தரப் பட்டியலில் 928) அதிலேயே அடித்து, கருவியால் ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். அந்த அளவுகள் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் புரியும்படி எழுதப்பட வேண்டும் என்று 8 நிறுவனங்கள் 1993இல் கூடி ஒரு பொதுவடிவம் உண்டாக்கின. எல்லைக்கு வெளியே உள்ள நிறத்துக்குப் பக்கத்து நிறம் ஒன்றைத் தேடிக் கொடுக்கும், அவ்வளவுதான். இல்லாததை உண்டாக்காது.

நான் கேட்ட நீலம் திரையின் முக்கோணத்தில் ஒரு மூலை. அச்சகக்காரர் என்ன செய்வார், பாவம்?

அன்று அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அட்டையை மறுபடி அடித்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. இரண்டாம் முறையும் அதே நிறம்தான் வந்தது. அச்சகத்தை மூடிவிட்டார் என்று கேள்வி. அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று யாருக்காவது தெரிந்தால் எனக்குப் போன் பண்ணுங்கள்.