கத்தி யார் கையில்? லயன் காமிக்ஸ் முதல் இதழின் தலைப்பை முன்வைத்து

1984 ஜூலையில் சிவகாசியிலிருந்து வெளிவந்த லயன் காமிக்ஸின் முதல் இதழுக்குத் தலைப்பு ‘கத்தி முனையில் மாடஸ்டி’. தமிழ் சித்திரக்கதை உலகம் ஆண்பிள்ளைகளின் கோட்டை, அங்கே பெண் தென்பட்டால் ஒன்று கடத்தப்படுவாள் அல்லது காப்பாற்றப்படுவாள் என்று வாதிடும் ஆய்வுப் போக்குக்கு இந்தத் தலைப்பு கைக்கு வாகான சான்று. பெண்ணை முன்னிறுத்திய இதழே அவளைக் கத்திக்கு எதிரில்தானே நிறுத்துகிறது என்பது அந்தத் தரப்பின் கேள்வி. கேள்வி நியாயமானது, விடைதான் அவசரத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

‘கத்தி முனையில்’ என்பது தினசரிகளில் அன்றாடம் அடிபடும் தொடர். கத்தி முனையில் நகை பறிப்பு, கத்தி முனையில் மிரட்டல். அங்கெல்லாம் அடுத்து வருவது ஒரு செயல்; கத்தி அந்தச் செயலைச் செய்தவன் கையில். இதழின் தலைப்பிலோ செயல் இல்லை, பெயர் மட்டும் நிற்கிறது. ஏழாம் வேற்றுமை இடத்தைக் காட்டும். கத்திக்குச் சொந்தக்காரர் யாரென்று காட்டாது. அவள் ஆபத்தில் இருக்கிறாள் என்பதே முதலில் தோன்றும் பொருள் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஆபத்தில் இருப்பவள் அபலை என்று முடிவுகட்டியது யார்? சாகசக் கதையில் கண்டத்தில் மாட்டிக்கொள்வது நாயகப் பாத்திரத்தின் உரிமை. மின்சாரம் தாக்கி முத்து காமிக்ஸ் நாயகர் இரும்புக்கை மாயாவியின் உருவம் மறைகிறது. அதற்காக அவரை மின்சாரத்துக்குப் பலியானவர் பட்டியலில் யாரும் சேர்த்ததில்லை.

இன்னொன்றும் உண்டு. பீட்டர் ஓ’டானல் ஆங்கிலத்தில் படைத்த மாடஸ்டி தொடரில் கத்தி வீசுவதில் கைதேர்ந்தவன் வில்லி கார்வின். டான்ஜியரைத் தளமாகக் கொண்டு மாடஸ்டி நடத்திய குற்றக் கும்பலில் அவளுக்கு வலக்கையாக இருந்தவன். கும்பலைக் கலைத்த பிறகும் அவளை விட்டு விலகாதவன். தொடரை அறிந்தவர்களுக்குக் கத்தி என்றதும் அவன் ஞாபகம் வரும். 1984-இல் முதல் இதழைக் கையில் எடுத்த பையனுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. ஆகவே இந்தச் சான்றின் மேல் அதிகப் பாரம் ஏற்ற இக்கட்டுரை துணியவில்லை.

மாடஸ்டி உளவுக்கதைப் பாத்திரம், மாயாவி போன்ற அறிவியல் புனைவு நாயகர்களோடு அவளைச் சேர்க்கக் கூடாது என்பாரும் உண்டு. அந்தப் பாகுபாடு நூலக அலமாரிக்குச் சரி. பெட்டிக்கடையில் காமிக்ஸ் தொங்கிய கயிற்றுக்குப் பொருந்தாது. மாயாவி, ஸ்பைடர், இயந்திர மனிதன் ஆர்ச்சி, மாடஸ்டி எல்லோரையும் வாங்கியது ஒரே சட்டைப்பைக் காசுதான்.

அந்தக் கூட்டத்தில் மாடஸ்டியைத் தவிர வேறு பெண்கள் ஏன் இல்லை? 1972-இல் முத்து காமிக்ஸைத் தொடங்கிவைத்த மாயாவி, பிரிட்டனின் ‘வேலியன்ட்’ வார இதழில் 1962-இல் பிறந்தவர். ஸ்பைடரும் ஆர்ச்சியும் அங்கே ‘லயன்’ இதழின் பிள்ளைகள். இரண்டுமே பையன்களுக்கென்று நடந்த பத்திரிகைகள். பெண்பிள்ளைகளுக்கு அந்நாட்டில் தனிப் பத்திரிகைகள் இருந்தன. ஸ்பைடரின் கையாட்களான பெல்ஹாமும் ஆர்டினியும்கூட ஆண்களே. ஆக, பெண் இல்லாத உலகம் கதைகளோடு சேர்ந்தே கப்பலேறி வந்தது. மாடஸ்டி அப்படி வரவில்லை. 1963-இல் லண்டன் ‘ஈவினிங் ஸ்டாண்டர்ட்’ நாளிதழில் பெரியவர்களுக்காகத் தொடங்கிய படத்தொடர் அவளுடையது. பையன்கள் பத்திரிகையைப் புரட்டினால் அவள் கிடைக்கமாட்டாள். வேறிடத்தில் தேடி எடுக்கவேண்டும். ஆசிரியர் எஸ். விஜயன் ஒரு புது இதழைத் தொடங்கும்போது அவளை எடுத்தார். வியாபாரக் கணக்கு அதில் இல்லாமல் இருக்காது. சிவகாசியில் கணக்கில்லாமல் ஒரு தாள்கூட அச்சேறாது.

அச்சு என்றதும் அந்த ஊரின் மற்றப் படங்களும் கணக்கில் வரவேண்டும். கோவில்பட்டி கொண்டையராஜு மரபில் வந்த நாள்காட்டி லட்சுமியும் சரஸ்வதியும் நேர்முகமாக வீற்றிருந்து பார்ப்பவரைப் பார்ப்பார்கள். பட்டாசுப் பெட்டியில் சிரிக்கும் பெண்ணும் அப்படியே. ஹோல்டவேயும் பின்னர் ரொமேரோவும் வரைந்த மாடஸ்டிக்கு வாசகனைப் பார்க்க நேரமில்லை. சுவரோரம் பதுங்குவாள், முதுகைக் காட்டி ஓடுவாள், அடுத்த கட்டத்தில் எதிரியின் தோளுக்குப் பின்னால் நிற்பாள். பட்டாசுச் சரம் பின்னியும் தீப்பெட்டி ஒட்டியும் வந்த அவ்வூர்ப் பெண்கள் இவளை வாசித்தார்கள் என்று இக்கட்டுரை சொல்லவரவில்லை. அவர்கள் கைப்பட்ட பெட்டிகளின் மேலிருந்த பெண்படங்களுக்கும் இவளுக்கும் இருந்த தூரம் மட்டுமே இங்கே பொருட்டு. ஓ’டானல் இவளை ஆண்களின் கண்ணுக்காகவும் எழுதினார் என்பதும் உண்மை. மேலாடையைக் களைந்து எதிரிகளை ஓரிரு விநாடி திகைக்க வைப்பது அவருடைய நாவல்களில் அவள் கையாளும் உத்தி. அந்தக் குற்றச்சாட்டு நிற்கட்டும்.

பெயரில் நடந்தது இதைவிடச் சுவையானது. ‘மாடஸ்டி’ என்றால் ஆங்கிலத்தில் அடக்கம். ஆங்கில வாசகன் ஒவ்வொரு முறையும் அதை ஒரு குறும்புச் சிரிப்போடுதான் படிக்க முடியும். தமிழில் அது மொழிபெயர்க்கப்படவில்லை. அடக்கம் என்ற கேலி கழன்றுபோய், வெறும் பெயரோடு அவள் வந்து சேர்ந்தாள்.

ஆங்கிலத்தில் அவளை ‘பிரின்சஸ்’ என்று கூப்பிடும் உரிமை வில்லி கார்வினுக்கு மட்டுமே உரியது. தமிழில் அதுவே ‘இளவரசி’ ஆகி, கார்வினின் வாயிலிருந்து வாசகர் வாய்க்கு இடம் மாறியது. அகதி முகாமில் வளர்ந்து கும்பல் தலைவியானவளை அரண்மனைக்குள் அடைத்துவிட்டார்கள் என்று இதற்கும் ஒரு விளக்கம் சொல்லலாம். அப்படிச் சொல்பவர்கள் அந்தச் சொல்லை முதலில் சொன்னவன் யாரென்பதை மறந்துவிடுகிறார்கள். அது தலைவியை அவளுக்குக் கீழிருந்தவன் விளித்த சொல். ஆங்கிலத்தின் ‘யூ’வில் உயர்வு தாழ்வு தெரியாது, தமிழிலோ ஒவ்வொரு வசனமும் ‘நீ’யா ‘நீங்கள்’ஆ என்று கேட்டுக்கொண்டே இருக்கும். யார் மேல், யார் கீழ் என்பதை அந்த ஒரு விளி சொல்லிவிடுகிறது. லண்டனில் படத்தொடர் 2001-இல் நின்றுபோனது. லயன் வாசகர்களுக்கு அவள் இன்றும் இளவரசிதான். கார்வின் நின்ற இடத்தில் நின்றுதான் அவர்களும் அவளைக் கூப்பிடுகிறார்கள்.