தமிழ்நாட்டில் பணிபுரிவோருக்கான தொலைநிலை, இணையவழி உயர்கல்வி

பணிபுரிவோருக்கான தொலைநிலை, இணையவழி உயர்கல்வி என்பது வேலையையோ குடும்பப் பொறுப்பையோ விடாமல், கல்லூரி வளாகத்துக்கு நாள்தோறும் செல்லாமல் பட்டம் பெற வழிசெய்யும் கல்வி முறையாகும். தமிழ்நாட்டில் இது அஞ்சல்வழிக் கல்வியாகத் தொடங்கி, இன்று பெரும்பாலும் இணையத்தின் வழியே நடைபெறுகிறது. வளாகக் கல்வியுடன் இதனை ஒப்பிடும்போது நேரம், கட்டணம் ஆகியவற்றைவிடப் பட்டத்தின் ஏற்புடைமையே பல வேளைகளில் பெரிய கேள்வியாக அமைகிறது.

வரலாறு

இந்தியாவில் அஞ்சல்வழிப் பட்டப்படிப்பை 1962 இல் தில்லி பல்கலைக்கழகம் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் (இன்றைய மதுரை காமராசர் பல்கலைக்கழகம்) 1971 இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979 இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981 இலும் இவ்வழியில் இறங்கின. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985 இல் நிறுவப்பட்டது. சென்னை சைதாப்பேட்டையில் இயங்கும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவானது.

2003 இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து என்.பி.டி.இ.எல் திட்டத்தைத் தொடங்கின. 2017 இல் சுவயம் தளம் வந்தது. இவை தனிப் பாடங்களுக்குச் சான்றிதழ் அளிப்பவை. பட்டம் அளிப்பவை அல்ல. 2020 இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் தரவு அறிவியலில் இணையவழிப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. இதற்கு ஜே.இ.இ தேர்வு தேவையில்லை. வயது வரம்பும் இல்லை. நான்கு வாரப் பாடங்களைப் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். பாடங்கள் இணையத்தில் இருந்தாலும் முதன்மைத் தேர்வுகளைத் தேர்வு மையத்துக்கு நேரில் சென்றே எழுத வேண்டும். இடையில் நிறுத்துவோருக்கு, முடித்த நிலைக்கேற்பச் சான்றிதழோ பட்டயமோ கிடைக்கும். வேலை மாற்றம், மகப்பேறு போன்றவற்றால் படிப்பு தடைப்படுவோருக்கு இது சிறிய சலுகை அன்று.

வளாகக் கல்வியுடன் ஒப்பீடு

செம்பாக்கம் நல்ல எடுத்துக்காட்டு. 2021 இல் தாம்பரம் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட இப்பகுதி தாம்பரம்–வேளச்சேரி சாலையில் உள்ளது. இங்கிருந்து மேடவாக்கம் வழியே பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள மென்பொருள் நிறுவனங்களுக்கும், தாம்பரத்தின் ஏற்றுமதி மண்டலத்துக்கும் வேலைக்குச் செல்வோர் பலர். அருகில் சென்னைக் கிறித்துவக் கல்லூரி உள்ளிட்ட கல்லூரிகள் இருப்பினும் அவை பணிபுரிவோருக்கு எளிதில் பயன்படுவதில்லை. வளாகப் படிப்புகளில் பொதுவாக 75 விழுக்காடு வருகைப்பதிவு கேட்கப்படுகிறது. சுழற்சிமுறைப் பணியில் இருப்பவரால் இதனை நிறைவு செய்வது அரிது.

மறுபுறம் வளாகம் தருவனவற்றை இணையம் முழுமையாகத் தருவதில்லை. ஆய்வகம், நூலகம், வளாக வேலைவாய்ப்பு, உடன்படிப்போர் துணை ஆகியன அவற்றுள் சில. படிப்பை நடுவில் கைவிடாமல் காப்பதும் பெரும்பாலும் கடைசியில் கூறிய துணையே.

அனுமதிக்கப்படாத படிப்புகள்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020 ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி மருத்துவம், செவிலியம், பொறியியல், சட்டம், கட்டிடக்கலை, வேளாண்மை முதலியவற்றைத் தொலைநிலையில் நடத்த இயலாது. 2025 சூலை–ஆகத்து பருவம் முதல் உளவியல், நுண்ணுயிரியல், உணவு மற்றும் ஊட்டச்சத்து அறிவியல் போன்ற நலவாழ்வு சார்ந்த படிப்புகளும் தடை செய்யப்பட்டன. பட்டயம் முடித்துப் பணிபுரிவோர் பொறியியல் பட்டம் பெற விரும்பினால் மாலைநேர, பகுதிநேர வகுப்புகளையே நாட வேண்டும்.

பட்டத்தின் ஏற்புடைமை

முன்னர்ப் பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களும் திறந்தநிலை முறையில் பட்டப்படிப்பில் சேர முடிந்தது. சிலர் இளநிலைப் பட்டமின்றி நேரடியாக முதுகலைப் பட்டமே பெற்றனர். இளநிலைப் பட்டமின்றிப் பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாது என 2009 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகத்து 18 அன்று தமிழ்நாடு அரசு வெளியிட்ட 107 ஆம் எண் அரசாணை, 10, 12 ஆம் வகுப்புகளுக்குப் பின் மூன்றாண்டுகள் படித்துப் பெற்ற பட்டமே அரசுப் பணிக்கும் பதவி உயர்வுக்கும் ஏற்கப்படும் என்றது. பல ஆண்டுகள் இரவில் கண்விழித்துப் படித்தவர்கள், தேர்வில் தேறிய பின்னரும் வரிசை தவறியதால் பதவி உயர்வை இழந்தனர்.

2017 நவம்பரில், தமிழ்நாட்டு நிறுவனம் ஒன்று உட்பட நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அஞ்சல்வழியில் வழங்கிய பொறியியல் பட்டங்கள் குறித்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2001–2005 காலத்தில் சேர்ந்தோருக்கு மட்டும் தேர்வெழுத வாய்ப்பு அளிக்கப்பட்டது. பின்னர்ச் சேர்ந்தோரின் பட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன. இவ்விரு நிகழ்வுகளிலும் இழப்பு மாணவர்களையே சேர்ந்தது.

ஏற்பு பெற்ற நிறுவனங்களின் தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் வளாகப் பட்டங்களுக்கு இணையானவை என மானியக் குழு 2022 செப்டம்பரில் அறிவித்தது. அதே ஆண்டு ஏப்ரலில் இரு பட்டப்படிப்புகளை ஒரே வேளையில் படிக்கவும் இசைவளித்தது.

சேர்க்கைக்கு முன்

ஒரு பல்கலைக்கழகம் ஏற்பு பெற்றிருப்பது மட்டும் போதாது. சேரவுள்ள பாடத்துக்கும், சேரும் ஆண்டுக்கும் தனித்தனியே ஏற்பு இருத்தல் வேண்டும். இதனை மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் காணலாம். 2024 முதல் மாணவர்கள் அப்பிரிவின் தளத்தில் தமக்கென ஓர் அடையாள எண்ணைப் பெற்ற பின்னரே சேர முடியும். இடைத்தரகு மையங்கள் தரும் உறுதிமொழிகள் ஏற்புக்கு ஈடாகா.