சிகர்ஜியைக் காத்த மொழியறிவு: வீர்சந்த் ராகவ்ஜி காந்தி

சிகாகோ சர்வசமய மாநாடு என்றவுடன் விவேகானந்த சுவாமிகளின் பெயரே நம்மவர் நாவில் முதலில் எழுகின்றது. 1893 செப்டம்பரில் அதே மேடையில் சமணத்தின் குரலாக நின்ற வீர்சந்த் ராகவ்ஜி காந்தியைத் தமிழ்ச் சமணரிலும் பலர் அறியார். அறிந்தோரும் அவருடைய சொற்பொழிவுகளையே போற்றுவர். ஆனால், அவர் ஆற்றிய தொண்டுகளுள் தலையாயது மேடையில் நிகழ்ந்ததன்று; ஒரு வழக்கின் ஆவணக் கட்டுகளுக்கிடையே நிகழ்ந்தது.

சௌராட்டிரத்து மகுவாவில் 1864 ஆகஸ்டு 25 அன்று பிறந்த அவர், பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று 1884இல் பட்டம் பெற்றார். 21ஆம் வயதிலேயே இந்திய ஜைன சங்கத்தின் கௌரவச் செயலாளர் பொறுப்பு அவரைத் தேடி வந்தது. பாலிதானாவில் சத்ருஞ்சயத்திற்குச் செல்லும் யாத்திரிகரிடம் சமஸ்தானம் தலைவரி வாங்கிவந்த காலம் அது. ஆங்கில அதிகாரிகளுடன் அவர் நடத்திய பேச்சின் பயனாக, 1886இல் ஆண்டுக்கு ரூ. 15,000 என்னும் மொத்தத் தொகையோடு அவ்வரி ஒழிந்தது. காந்தியடிகள் தம் சுயசரிதையில், பம்பாயில் தம்முடைய உணவுப் பரிசோதனைகளுக்குத் துணைநின்ற நண்பராகக் குறிப்பிடுபவரும் இவரே.

அடுத்து வந்தது சம்மேத சிகர்ஜி வழக்கு. இருபது தீர்த்தங்கரர்கள் வீடுபேறு எய்திய அம்மலையில், போடம் என்னும் ஆங்கிலேயர் பன்றிகளை வளர்த்து அவற்றின் கொழுப்பை உருக்கும் தொழிற்சாலையை அமைத்தார். பூச்சி புழுவுக்கும் ஊறு நேராமல் அடியெடுத்து வைத்து ஏறும் மலை அது. திகம்பரர், சுவேதாம்பரர் என்னும் வேறுபாடின்றி இரு பிரிவினர் நெஞ்சும் பதைத்தது. கீழ் நீதிமன்றத் தீர்ப்பு சமணருக்குச் சாதகமாக அமையவில்லை. மேல்முறையீட்டிற்கு உயிர்நாடியாக இருந்த பழைய ஆவணங்களோ வங்க மொழியில் இருந்தன.

பிறர் செய்து தரும் மொழிபெயர்ப்பை நம்பி வழக்காட வீர்சந்த் விரும்பவில்லை. கல்கத்தா சென்று தங்கி, ஏறக்குறைய ஆறு மாதங்களில் வங்க மொழியைக் கற்று, அவ்வாவணங்களைத் தாமே படித்து ஆங்கிலத்தில் பெயர்த்தார் என்பர். மலை சமணருக்குப் புனிதமானது என்பது நிலைநாட்டப்பட்டது, தொழிற்சாலை அகன்றது. அவருக்குப் பதினான்கு மொழிகள் தெரியும் என்று வாழ்க்கை வரலாறுகள் கூறும். எண்ணிக்கை எதுவாயினும், அவற்றுள் ஒன்றை அவர் எதற்காகக் கற்றார் என்பதே நாம் நினைக்கத்தக்கது.

சிகாகோ அழைப்பு முதலில் வந்தது ஆச்சாரியர் ஆத்மாராம்ஜிக்கு. நடந்தே செல்லும் நோன்புடைய துறவி கடல் கடத்தல் இயலாது. ஆதலின் வீர்சந்தை அருகிருத்திப் பயிற்றுவித்து அனுப்பினார். கிறித்தவப் போதகர் பென்டகோஸ்ட் அம்மாநாட்டில் இந்துக் கோயில்களையும் அவற்றின் பெண்டிரையும் இழித்துப் பேசியபோது, எழுந்து மறுத்தவர் சமணரான வீர்சந்தே. அத்தாக்குதல் தம் சமயத்தின்மேல் வீழ்ந்ததன்று என வாளாவிருந்திருக்கலாம்; அவர் இருக்கவில்லை.

ஊர் திரும்பியவரைக் கடல் கடந்த குற்றத்திற்காகப் பழமைவாதிகள் சிலர் விலக்க முனைந்தனர். அவரோ மீண்டும் கடல் கடந்தார். 1896–97 பஞ்சத்தின்போது அமெரிக்காவிலிருந்து ஒரு கப்பல் தானியம் இந்தியாவுக்கு வரக் காரணமானார். இந்தியப் பெண்கல்விக்காக அங்கே ஒரு சங்கமும் கண்டார்.

அவருடைய மொழிபெயர்ப்புகளுள் விந்தையானது, நோட்டோவிச் பிரெஞ்சில் எழுதிய ‘இயேசு கிறிஸ்துவின் அறியப்படாத வாழ்க்கை’. 1894இல் அதன் ஆங்கில ஆக்கத்தைச் சிகாகோவில் வெளியிட்டார். இயேசு இந்தியாவில் கற்றதாகக் கூறும் அந்நூலின் ஆதாரத்தை மாக்ஸ் முல்லர் முதலியோர் விரைவிலேயே மறுத்தனர். இன்று அறிஞர் எவரும் அதை ஏற்பதில்லை. நூலின் மெய்ம்மையில் அவர் வைத்த நம்பிக்கை பிழைத்தது எனலாம். ஆயினும் பிரெஞ்சினின்று ஆங்கிலத்திற்கு நூல் பெயர்க்கும் அளவுக்கு அவருக்கிருந்த புலமைக்கு அது சான்று.

1901 ஆகஸ்டு 7 அன்று பம்பாயில் மறைந்தபோது அவருக்கு 37 வயது நிரம்பவில்லை. சொற்பொழிவுகளைத் திருத்தி நூலாக்க அவருக்கு வாழ்நாள் வாய்க்கவில்லை. ‘ஜைன தத்துவம்’, ‘கர்ம தத்துவம்’ முதலான ஆங்கில நூல்கள் பிறரால் பின்னர்த் தொகுக்கப்பட்டவை. இலண்டனில் அவரிடம் பாடம் கேட்டுச் சமண நெறி தழுவிய ஹெர்பர்ட் வாரன் என்னும் ஆங்கிலேயர், தாம் எடுத்துவைத்திருந்த குறிப்புகளைக் கொண்டு ஆங்கிலத்தில் ஒரு சமண நூலை எழுதி 1912இல் வெளியிட்டார்.